கார்புரேட்டர்: பெரிதாக வாங்கி ஏமாறாதீர்கள்

பழைய காருக்குக் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி) மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரியதையே வாங்கிவிடுகிறார்கள். கணக்கு எளிதுதான். எஞ்சின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு அதிகபட்சச் சுற்றுகளால் பெருக்கி, 3456-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று தெரியும். 350 கன அங்குல எஞ்சின் 5500 சுற்றில் ஓடினால் 557. சாதாரண எஞ்சின் அதில் 85 சதவீதம்தான் இழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 500 கன அடி அளவுள்ள கார்புரேட்டர் தாராளம். ஆசைப்பட்டு 750 மாட்டினால் காற்று மந்தமாக நுழையும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும்.

டியூனிங்குக்கு முன் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, சரிபார்த்துவிடுங்கள். அங்கே இருக்கும் கோளாறுக்குக் கார்புரேட்டரைத் திருகுவது வீண் வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் வேக்குவம் கேஜை (எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் மானி) மாட்டி, ஐடில் கலவை ஸ்க்ரூவை (வண்டி நின்றபடி ஓடும்போது கலவையைச் சரிசெய்யும் திருகு) கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். முள் உச்சத்தில் நடுங்காமல் நிற்கும் இடமே சரியான இடம். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் இரண்டையும் சம அளவில் திருப்ப வேண்டும். ஐடில் வேகம் ஏறிவிட்டால் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எதற்காகவும் ஸ்க்ரூவை உள்ளே இறுக முடுக்காதீர்கள். அதன் ஊசிமுனையில் வடு விழுந்துவிட்டால் பிறகு எப்படித் திருகினாலும் கலவை அமையாது.