மீன்தொட்டி மீன்களைத் தெளிவாகப் படமெடுக்கும் முறை

சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்து பாலித்தீன் பையில் வந்த ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள், வீட்டுத் தொட்டியில் இரண்டு வாரம் பழகி, நிறம் ஏறி, துடுப்பை விரித்து நிற்கும்போது அவற்றைப் படமெடுத்து நான்கு பேருக்குக் காட்டத் தோன்றுவது இயல்பு. எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலான ஒரு வெள்ளைத் திட்டும், கண்ணாடியில் நீளமாக விழுந்திருக்கும் டியூப்லைட்டும், அதற்குக் கீழே போனைப் பிடித்தபடி பனியனோடு நிற்கும் நம் உருவமும்தான் பெரும்பாலும் தெரியும். என் முதல் ஐம்பது படங்களில் மீனைவிட நானே தெளிவாக இருந்தேன். கேமராவை மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணிச் செலவும் செய்தேன்; பிழை தீர்ந்ததோ ஒரு பழைய பருத்தித் துணியாலும் அறை விளக்கின் சுவிட்சாலும்தான்.

ஆகவே வேலையைக் கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தொட்டியின் மேல்விளிம்பை ஒட்டி வெள்ளை உப்புக்கறை படிந்திருக்கும். வெறும் துணிக்கு அது அசையாது. வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பின்பு ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்தால் கறை போய்விடும். வினிகரைத் தொட்டியின் அருகில் பீய்ச்சக் கூடாது. உட்புறப் பாசியைக் காந்தத் துடைப்பானாலோ, காலாவதியான ஏடிஎம் கார்டின் விளிம்பாலோ சுரண்டலாம். இதைப் படமெடுக்கும் நாளுக்கு முந்தைய நாளே செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் சுரண்டிய பாசித் துகள்கள் அடங்கப் பல மணி நேரம் ஆகும். கால் பங்கு தண்ணீர் மாற்றுவதாக இருந்தாலும், குளோரின் நீக்கிய தண்ணீரை முதல்நாளே ஊற்றிவிட வேண்டும். புதிய தண்ணீரிலிருந்து பிரியும் நுண்குமிழிகள் கண்ணாடியிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு, படத்தில் தூசி போலத் தெரியும்.

பிரதிபலிப்பைப் போக்க அறை விளக்குகளையும் தொலைக்காட்சியையும் அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொட்டியின் விளக்கு மட்டும் எரியும்படி விட வேண்டும். கறுப்புச் சட்டை அணிந்துகொள்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் பயன் தருவது. லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்பு அட்டையை அதில் மாட்டிக்கொண்டாலோ, லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் வளையமான ஹூட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாலோ, பிரதிபலிப்பு நுழைய வழியே இருக்காது.

லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் விஷயம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33 என்பதால், சாய்வாகப் பார்க்கும்போது மீனிலிருந்து வரும் ஒளி வளைவதோடு, நிறத்துக்கு நிறம் சற்று வேறுபட்டும் வளைகிறது. செதில்களின் ஓரத்தில் நீலமும் ஆரஞ்சுமாகக் கோடுகள் தோன்றி, ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் குழம்பிப்போவது இதனால்தான். மீன் மூலைக்குப் போனால் கேமராவைத் திருப்பாமல், நாமே பக்கவாட்டில் நகர வேண்டும். பின்கண்ணாடி ஓரம் நீந்தும் மீனுக்காகப் பொத்தானை அழுத்துவதும் வீண். இடையில் உள்ள தண்ணீரும் அதில் மிதக்கும் துகள்களும் தெளிவைத் தின்றுவிடும்.

அடுத்தது ஒளி. நீந்தும் மீனை நிறுத்திப் பிடிக்கக் குறைந்தது 1/125 விநாடி ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் ஒளி நுழையும் நேரம், தேவை. கப்பி, டெட்ரா போன்ற துறுதுறுப்பான மீன்களுக்கு 1/250. தொட்டியின் எல்இடி விளக்கு மட்டும் இருந்தால் அந்த வேகத்துக்குக் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த எல்இடிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தால் வேகத்தை 1/100க்கு இறக்கி, மீன் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்கும்போது எடுக்க வேண்டும்.

தனி ஃபிளாஷ் உள்ளவர்கள் அதைக் கேமராவிலிருந்து கழற்றி, தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் கீழ்நோக்கி வைத்து, தொலைவிலிருந்தே ஃபிளாஷை எரியவைக்கும் டிரிக்கரால் இயக்கலாம். அப்போது 1/160 விநாடி, எஃப் 8 முதல் 11 வரை அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 200 என்ற அளவில் தொடங்கலாம். அசைவை நிறுத்தும் வேலையை ஃபிளாஷின் மிகக் குறுகிய வெளிச்சமே செய்துவிடும். மூடி இல்லாத தொட்டியின் மேல் ஃபிளாஷை வைக்கவே கூடாது. வெள்ளி நிற மீன்கள் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால் அவற்றுக்கு ஃபிளாஷைச் சற்றுக் குறைக்க வேண்டும். நியான் டெட்ராவின் நீலக்கோடு சாயத்தால் வருவதன்று, தோலிலுள்ள நுண்படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. எனவே ஒளியின் கோணத்தைச் சிறிது மாற்றினாலே அந்த நீலம் பச்சையாகும், அல்லது ஒளிர்வு குன்றும்.

போனில் எடுப்பவர்கள், அளவுகளை நாமே வைக்க உதவும் புரோ மோடுக்குச் சென்று, தொட்டி விளக்குக்குச் சொன்ன ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் வைத்துக்கொள்ளலாம். எச்டிஆரையும் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். அவை பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பவை என்பதால், நகரும் மீனுக்கு இரண்டு வால் முளைத்துவிடும்.

பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வழித்தடம் இருப்பது தெரியும். என் தொட்டியின் ஆண் ஏஞ்சல் ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்க வேருக்கு அருகே வந்து திரும்பும். அந்த வேரிலேயே ஃபோகஸைப் பூட்டிவிட்டு அது வரும்வரை காத்திருப்பேன். ஃபோகஸ் எப்போதும் கண்ணில்தான் இருக்க வேண்டும். வால் மங்கினால் யாரும் குறை சொல்வதில்லை, கண் மங்கினால் படமே போயிற்று. ஃபைட்டர் மீன் செவுள் விரிக்க வேண்டுமானால் முகம் பார்க்கும் கண்ணாடியில் அதன் உருவத்தைக் காட்டலாம். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் காட்டினால் மீன் களைத்துவிடும்.

மே மாதத்தில் ஏசி அறையிலிருந்து கேமராவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் உடனே பனி படியும். பையிலிருந்து எடுக்காமலே அரை மணி நேரம் கூடத்தில் வைத்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

தண்ணீர் அசையாதிருக்க ஃபில்டரையும் காற்றுக் குழாயையும் அணைப்பது உண்டு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், சென்னைக் கோடையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் அணைத்து வைப்பதில்லை. ஒருமுறை எடுத்த படங்களைக் கணினியில் பார்க்க உட்கார்ந்து அதை மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது எல்லா மீன்களும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று முதல், சுவிட்சை அணைக்கும் கையோடு போனில் அலாரமும் வைத்துவிடுகிறேன்.