மாதா மேல் செய்த சத்தியம்: தேர்தலில் கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் மாசி வீதிகளில் சித்திரைத் தேர், கீழவெளி வீதிப் பேராலயத்தில் பெரிய வியாழன் வழிபாடு, ஊரெங்கும் மக்களவைத் தேர்தல். தேர்க் கூட்டத்துக்காக வாக்குப்பதிவை இரவு எட்டு மணிவரை நீட்டித்தார்கள். அப்படியும், "இன்றைக்குப் பூசைதான் முக்கியம்" என்று சாவடிப் பக்கமே போகாதவர்கள் எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில்) இருந்தார்கள். பெரிய வியாழன் பூசையில் நடக்கும் பாதம் கழுவும் சடங்கு மாலையில்தான். சாவடி காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2240ஆம் எண்ணில், வரி செலுத்துவதோடு சேர்த்து வாக்களிப்பதையும் அறக்கடமை என்கிறது.

இதைவிடப் பெரிய தவறு வாக்குக்குப் பணம் வாங்குவது. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் பார்முலா' என்று நம் மாவட்டத்து ஊருக்கே கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. கவர் கொடுப்பவர் சும்மா போவதில்லை. வீட்டிலிருக்கும் மாதா சுரூபத்தின் மேல் கைவைக்கச் சொல்வார். "வாங்கிவிட்டேன், சத்தியமும் செய்துவிட்டேன், மாற்றிப் போட்டால் பாவமில்லையா தம்பி?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். பயத்தில் அவர் கை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தது.

திருச்சபைச் சட்டம் 1201இல் பதில் இருக்கிறது: பிறருக்கோ பொதுநலனுக்கோ கேடு செய்யும் செயலுக்குச் சத்தியம் எந்த வலுவும் சேர்க்காது. ஆக, பாட்டி மனசாட்சிப்படி தாராளமாகப் போடலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது பணம் வாங்கியதைத்தான். நாட்டுச் சட்டத்திலும் கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி.

"சாமியார் யாருக்குப் போடச் சொன்னார்?" என்று காத்திருப்பதும் வேண்டாம். ஏழைகளைப் பற்றியும் நீதியைப் பற்றியும் அவர் மறையுரையில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் கட்சி வேலையில் இறங்குவதைத் திருச்சபைச் சட்டம் 287 பொதுவாக அவருக்கே தடுக்கிறது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடு என்கிறது. வேட்பாளர் தேர்தல் சமயத்தில் மட்டும் முன்வரிசையில் முழந்தாளிடுகிறாரா? அவர் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சொத்தும் வழக்குகளும் இருக்கின்றன, அதைப் படியுங்கள்.

கன்னியர் மடங்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றலாகி வந்ததும் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிடுங்கள். எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் அதை மறந்துவிட்டு, வாக்குப்பதிவன்று விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் பழைய ஊருக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தார். அவர் திரும்பியபோது மடத்தில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.