ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு: வயதானவர்கள் வீட்டில் தேறி வருவது எப்படி?

ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் முடிந்தவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதனாலேயே பலர் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தைத் தாங்க ஆபரேஷனில் வைத்த செயற்கை வலையோடு (மெஷ்) சதை ஒட்டி இறுகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அடிவயிற்றில் திடீர் அழுத்தம் விழக்கூடாது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. இங்கே சொல்வது தொடை இடுக்கில் வரும் சாதாரண ஹெர்னியாவுக்கு. வயிற்றில் பெரிய ஆபரேஷன் என்றால் நாட்கள் கூடும்.

1. கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ரத்தத்தை இளக்கும் மாத்திரை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை) எடுப்பவர்கள் அதை என்றைக்குத் திரும்பத் தொடங்குவது என்று கட்டாயம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கட்டு எப்போது பிரிப்பது, ராத்திரியில் பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

2. சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்

வலியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், இதைச் சொல்பவர்கள் குறைவு. மயக்க மருந்தின் விளைவால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆறிலிருந்து எட்டு மணி நேரமாகியும் போகவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

3. படுக்கையிலிருந்து எழும் முறை

மல்லாந்து படுத்தபடியே தலையைத் தூக்கி எழுந்தால் தையல் சுளீர் என்று இழுக்கும். இப்படிச் செய்யுங்கள்: முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி பக்கவாட்டில் உருளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரம் கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் மற்றொரு கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளுங்கள். மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி எழுங்கள். உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே இருங்கள். தலை சுற்றாவிட்டால் மட்டும் நில்லுங்கள். படுக்கப் போகும்போது இதையே தலைகீழாகச் செய்தால் போதும்.

இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சிறு தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

4. வலி மாத்திரை

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை. வலித்தால் நடக்க மாட்டீர்கள், ஆழமாக மூச்சு விட மாட்டீர்கள். முதல் சில நாட்கள் பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் எடுங்கள். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம், சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடியவை, கேட்காமல் வாங்காதீர்கள். டிரமடால் கொடுத்திருந்தால் தள்ளாட்டம், குழப்பம், மலச்சிக்கல் வரலாம் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. முக்கக் கூடாது

என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். படுத்தே இருப்பது, குறைவாகத் தண்ணீர் குடிப்பது, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து மலத்தை இறுக்கிவிடும். கழிவறையில் முக்கும்போது முழு அழுத்தமும் தையல் போட்ட இடத்தில்தான் இறங்கும். மூன்று நாள் போகாமல் இருந்து பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். மலத்தை இளக்கும் மருந்தை முதல் நாளிலிருந்தே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீர், பழம், காய்கறி கூட்டுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். மேற்கத்தியக் கழிவறையில் காலடியில் ஒரு சிறிய முக்காலி வைத்து முழங்காலை உயர்த்தி உட்கார்ந்தால் சுலபமாகப் போகும்.

6. நடங்கள்

ஆபரேஷன் அன்றே அறைக்குள் நாலடி. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், குடல் இயங்கவும் நடைதான் மருந்து.

7. வீக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

ஆண்களுக்கு விதைப்பை வீங்கிக் கறுநீலமாகலாம். பெரும்பாலும் தானாக வடியும். உள்ளாடை இறுக்கமாகத் தாங்கிப் பிடிக்கட்டும். ஐஸைத் துணியில் சுற்றி பதினைந்து நிமிஷம் வைக்கலாம். தையலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவதும், சுற்றிலும் மரத்துப்போவதும் சகஜம்.

8. பாரம்

பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பார்கள். உங்கள் டாக்டர் வேறு கணக்கு சொன்னால் அதுதான் சரி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிரம்பிய வாளி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பேரக்குழந்தை ஓடி வந்தால் குனிந்து தூக்காதீர்கள், உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் வலி போனதும் பழையபடி எல்லாவற்றையும் செய்யத் தோன்றும். வலி போய்விட்டது என்பதற்காக உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை.

9. உடனே போக வேண்டிய அறிகுறிகள்

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நிற்காத ரத்தம், வயிறு உப்பித் தொடர் வாந்தி, ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீக்கம், திடீர்க் குழப்பம் என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதலில் எழுதி வைத்த அந்தத் தாளும் மாத்திரைப் பையும் கையோடு இருக்கட்டும்.