கொரில்லா பார்க்க ருவாண்டா போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. எரிமலைகள் தேசியப் பூங்கா என்று கேட்டவுடன் நெருப்புக் குழம்பு வழியும், புகை கிளம்பும் என்று நினைத்துக்கொண்டு ருவாண்டாவின் வடமேற்கு மூலைக்கு வந்து இறங்குகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. விருங்கா மலைத்தொடரில் உள்ள எட்டு எரிமலைகளில் கரிசிம்பி, பிசோகே, சபின்யோ, கஹிங்கா, முஹாபுரா ஆகிய ஐந்து இந்தப் பூங்காவின் பக்கம் வருகின்றன, ஐந்தும் அடங்கிக் கிடப்பவை. 2021 மே மாதம் வெடித்து கோமா நகரத்தைக் கதிகலங்க வைத்த நீராகோங்கோ எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோவில் இருக்கிறது. இங்கே நீங்கள் பார்க்கப்போவது மூங்கில், பாசி தொங்கும் ஹாஜீனியா மரங்கள், சேறு, மூடுபனி, அப்புறம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல முடியாத அளவுக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாக, மலைக் கொரில்லா.

அடுத்தது காசு நிறையச் செலவாகும் தவறு: விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு பெர்மிட்டை அப்புறம் தேடுவது. 2017-இல் வெளிநாட்டவருக்கான கொரில்லா பெர்மிட்டை 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 டாலராக ஏற்றினார்கள். அது ஒருவருக்கு, ஒரு நாளைக்கு, கொரில்லாக்களோடு ஒரே ஒரு மணி நேரத்துக்கு. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்கு மேல் விடுவதில்லை, பயணிகளுக்காகப் பழக்கப்படுத்திய குடும்பங்களோ சுமார் 12 தான், எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெர்மிட் தேதி உறுதியான பிறகு டிக்கெட் போடுங்கள். இன்னொன்று, 15 வயது ஆகாத பிள்ளைகளை விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், பையன் பார்க்கப் பெரியவனாகத் தெரிகிறான் என்பதெல்லாம் எடுபடாது.

தலைநகர் கிகாலியில் நல்ல ஓட்டலில் தூங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தூரம் பார்த்தால் 100 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஆயிரம் குன்றுகளின் நாடு என்று சும்மா சொல்லவில்லை, பாதை முழுக்க வளைவு, இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குக் கினிகியில் உள்ள பூங்காத் தலைமையகத்தில் நிற்க வேண்டும், தாமதமானால் 1,500 டாலர் போச்சு. முந்தின இரவே பக்கத்து ஊரான முசான்சேயிலோ கினிகியிலோ தங்கிவிடுங்கள். வண்டியையும் அனுப்பிவிடாதீர்கள், ஏனென்றால் கினிகியிலிருந்து மலையேற்றம் தொடங்கும் இடம் வரைக்கும் உங்கள் சொந்த ஏற்பாட்டில்தான் போக வேண்டும், பெர்மிட் காசில் அது சேராது. இது தெரியாமல் காலையில் அங்கே அடுத்தவர் ஜீப்பில் இடம் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

கினிகியில் அன்றைக்கு யார் எந்தக் குடும்பத்தைப் பார்ப்பது என்று பிரிப்பார்கள். இங்கேதான் வீம்பு வேலை செய்யும். சில குடும்பங்கள் அரை மணி, ஒரு மணி நடையில் கிடைக்கும், சுசா குடும்பம் மாதிரி சில கரிசிம்பி சரிவில் வெகு உயரத்தில் திரிவதும் உண்டு. முழங்கால் வலி இருந்தால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள், வழிகாட்டிகள் அதற்கேற்ற குழுவில் போடப் பார்ப்பார்கள். பூங்கா தொடங்குவதே 2,400 மீட்டர் உயரத்தில், அதனால் ஊரில் தினமும் நடப்பவருக்கும் இங்கே மூச்சு வாங்கும். அதே போல போர்ட்டர் வேண்டாம் என்று மறுப்பது ஒரு வெட்டிக் கௌரவம். அவர்கள் பை தூக்குவதோடு நிற்பதில்லை, வழுக்கும் இடத்தில் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். காட்டை ஒட்டிய கிராமங்களின் ஆட்கள், ஒரு காலத்தில் திருட்டு வேட்டையாடியவர்களும் அதில் உண்டு. காடு இருந்தால் தங்களுக்குக் கூலி என்று ஆனதே கொரில்லாக்களுக்குப் பெரிய காவல்.

உடுப்பு விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே, வெயிலடிக்கும் என்று அரைக்கைச் சட்டையோடு போனேன். காடு முழுக்க நம் காஞ்சொறி போல எரிச்சல் கிளப்பும் செடி, மெல்லிய பேண்ட்டையும் தாண்டிக் கடிக்கும், சாயங்காலம் வரை கை எரிந்தது. முழுக்கைச் சட்டை, கனமான பேண்ட், அதன் கால் நுனியை உள்ளே திணிக்கும் நீளமான காலுறை, தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை, மழைக்கோட்டு எல்லாம் வேண்டும், வறண்ட மாதமானாலும் சரி. பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வராதீர்கள், ருவாண்டாவில் 2008 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, சளி இருமலை மறைப்பது. இவ்வளவு காசு கொடுத்துவிட்டு யார்தான் சொல்வார்கள், புரிகிறது. ஆனால் கொரில்லாவின் மரபணு ஏறக்குறைய 98 சதவீதம் நம்முடையதுதான். நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும் கிருமி அங்கே ஒரு குட்டியைக் கொன்றுவிடலாம். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா முழுவதிலும் 250 சொச்சம் கொரில்லாக்களே மிஞ்சியிருந்தன, 2018-இல் வெளியான கணக்கில் அது 604 ஆனது. அவ்வளவு பாடுபட்டு ஏறிய எண்ணிக்கை. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காதீர்கள், 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றால் நில்லுங்கள். குட்டி அதுவாக உங்களை நோக்கி வரும், அப்போதும் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும், தொடக்கூடாது.

முதுகு நரைத்த பெரிய ஆண் கொரில்லா திடீரென்று பாய்ந்து வந்தால் ஓடவே கூடாது. குனிந்து, பார்வையைத் தாழ்த்தி, வழிகாட்டி சொன்னபடி அசையாமல் இருங்கள். பெரும்பாலும் அது வெறும் மிரட்டல்தான். கைபேசியில் ஃபிளாஷ் அணைந்திருக்கிறதா என்று காட்டுக்குள் நுழையும் முன்பே பாருங்கள். சிலர் வேடிக்கைக்காக மார்பில் தட்டிக்காட்டுகிறார்கள், அதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

காட்டைத் தொடுவதற்கு முன் உருளைக்கிழங்கு வயல்கள் வழியே வெகுநேரம் நடக்க வேண்டியிருக்கும், இதற்கா காசு கொடுத்தோம் என்று முணுமுணுப்பார்கள். அந்த வயல் ஒரு காலத்தில் காடாக இருந்தது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாக 1925-இல் அறிவிக்கப்பட்ட இடத்தில், 1969-லிருந்து சில ஆண்டுகளுக்குள் சுமார் 10,000 ஹெக்டேரை, பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் பைரித்ரம் பூச்செடி பயிரிட வெட்டிக் கொடுத்தார்கள். காட்டெருமை வயலில் இறங்காமல் இருக்க எழுப்பிய கல்சுவரைத் தாண்டினால்தான் இப்போது பூங்கா. வழியில் வரும் குழந்தைகளுக்கு மிட்டாயோ காசோ நீட்டாதீர்கள், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பயணிகள் பின்னால் ஓடப் பழகிவிடும். பெர்மிட் உள்ளிட்ட பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுவட்டாரத்துக்குத்தான் போகிறது.

ஒரு நாளோடு திரும்பிவிடுவதும் என்னைக் கேட்டால் தவறுதான். மலைக் கொரில்லாக்களை ஆராய்ந்த டயன் ஃபோஸி 1967-இல் கரிசிம்பிக்கும் பிசோகேக்கும் நடுவே, இரண்டு பெயரையும் ஒட்டி, கரிசோகே என்று முகாம் போட்டார். 1985-இல் கொலையான அவரை, அவர் நேசித்த டிஜிட் என்ற கொரில்லாவின் பக்கத்திலேயே அங்கே புதைத்திருக்கிறார்கள், அந்த இடம் வரை நடந்துபோய் வரலாம். பிசோகே உச்சியில் எரிமலை வாயே ஏரியாகிக் கிடக்கிறது, மூடுபனி விலகினால் தெரியும். 4,507 மீட்டர் கரிசிம்பிக்கு மட்டும் இரண்டு நாள் வேண்டும், கூடாரத்தில் குளிர் நடுக்கிவிடும், அதைக் கொரில்லா பார்த்த மறுநாளே வைத்துக்கொள்ளாதீர்கள்.

டாலர் நோட்டுகள் பழசாகவோ கிழிந்தோ இருந்தால் அங்கே வாங்க மறுப்பார்கள், புதிய நோட்டாகக் கொண்டுபோங்கள். போர்ட்டருக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் காலையிலேயே மேல் பையில் தனியாக வைத்துவிடுங்கள். இறங்கி வரும்போது கை முழுக்கச் சேறாக இருக்கும், அந்தக் கையோடு பர்ஸைத் துழாவ முடியாது.