அட்டனிலிருந்து திருகோணமலைக்கு: போய்வந்தவள் சொல்வது

எங்கள் பக்கம் மழை விடாமல் கொட்டும் ஜூன், ஜூலையில்தான் திருகோணமலைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இது தெரியாமல் முதல் தடவை டிசம்பர் லீவில் பதினான்கு பேர் வேன் பிடித்துப் போனோம். நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் படகே விடவில்லை. அறைக்குள் உட்கார்ந்து கரம் ஆடிவிட்டுத் திரும்பினோம். நீங்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள்.

அட்டனில் விடிகாலை 3 மணிக்குப் புறப்பட்டால் சரி. மாத்தளை முத்துமாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறலாம். இரவோடிரவாகப் போய்விடலாம் என்று சாரதி சொன்னால் கேட்காதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை குறுக்கே வரும். அந்தத் துண்டைப் பகலில்தான் தாண்ட வேண்டும்.

போய் இறங்கியதும் மத்தியான வெயிலில் கோணேசர் கோயிலுக்கு ஓடாதீர்கள். செருப்பைக் கழற்றிய அம்மாயி சுடுகல்லில் பட்ட பாடு இன்னும் எங்கள் வீட்டுக் கதை. மறுநாள் விடிந்ததும் போங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கோயிலுக்குப் போகும் வழி பழைய கோட்டைக்குள்தான், அங்கே இராணுவ முகாம் உண்டு.

எல்லோரும் கோட்டை வாசலை வேனில் கடந்துவிடுகிறார்கள். இறங்கி அந்தச் சுவரைப் பாருங்கள். மீன் சின்னமும் தேய்ந்த தமிழ் எழுத்தும் உள்ள கல் அங்கே இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். சம்பந்தர் பாடிய கோயிலின் மிச்சம் வாசற்கல்லாக நிற்கிறது. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிவிட்டு மேலே நடந்தால், இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவை எட்டிப் பார்க்கும்போது அவர்கள் கேள்வி கேட்பார்கள். வழியில் புள்ளிமான்கள் சாப்பாட்டுப் பையை இழுக்கும், கவனம்.

வெயில் தாழ்ந்ததும் அனுராதபுரம் பாதையில் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஏழிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதே பக்கம் வெல்கம் விகாரையையும் பார்த்துவிடுங்கள். காட்டுக்குள் கிடக்கும் இந்தப் பௌத்தப் பள்ளியில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இராஜராஜப் பெரும்பள்ளி என்றே அதற்குப் பெயர் இருந்தது. தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, இங்கேதான் கண்டேன்.

தங்க உப்புவெளியைவிட நிலாவெளி எனக்குப் பிடிக்கும். கரை அகலம், சத்தம் குறைவு. அறை எடுக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள். ஒரு விடுதியில் உப்புத் தண்ணீரில் தலை குளித்து, முடி தும்புத்தடியாகிவிட்டது.

புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் தேசியப் பூங்காவானது. காலையிலேயே போங்கள். மலையில் பிறந்த நமக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறும்போதே மாட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்வரை கழற்றாதீர்கள். பவளப்பாறையில் கால் வைத்தால் பாறையும் சாகும், காலும் கிழியும்.

கடைசி நாள் கருவாடு வாங்காமல் யாரும் வரமாட்டார்கள். மூன்று சுற்றுப் பொலித்தீனில் கட்டி வேன் கூரையில் போடுங்கள். போன தடவை சீட்டுக்கு அடியில் வைத்தோம். அட்டன் வரை ஜன்னலை மூட முடியவில்லை, கண்டி தாண்டியதும் குளிர் வேறு.