தேன்பெட்டியில் உண்ணி: எண்ணாமல் மருந்து ஊற்றுவதில் தொடங்கும் தவறுகள்

பெட்டிக்கு முன்னால் இறக்கை சுருண்ட ஈக்கள் தரையில் ஊர்வதைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் உண்ணி ஞாபகமே வருகிறது. அந்த இறக்கைச் சுருக்கம் வர்ரோவா என்ற உண்ணி பரப்பும் ஒரு வைரஸின் வேலை. அது வெளியில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் உள்ளே உண்ணி பெருக ஆரம்பித்துப் பல வாரம் ஆகியிருக்கும். பதறிப்போய்க் கடைக்கு ஓடி "என்ன மருந்து இருக்குங்க?" என்று கேட்பது அடுத்த தவறு. எந்த ஈ, எந்த உண்ணி, நூறு ஈக்கு எத்தனை உண்ணி என்பது தெரியாமல் பெட்டிக்குள் எதை ஊற்றினாலும் காசுக்கும் கேடு, ஈக்கும் கேடு.

முதலில் எந்த ஈ என்று பாருங்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வைத்திருக்கும் சின்னப் பெட்டி என்றால் அநேகமாக நம் இந்தியத் தேனீயாகத்தான் இருக்கும். வர்ரோவாவும் இந்த ஈயும் காலங்காலமாக ஒன்றாக வாழ்ந்தவை. இந்த ஈயிடம் உண்ணி பெரும்பாலும் ஆண் ஈ வளரும் அறைகளில்தான் இனம் பெருக்கும், வேலைக்கார ஈக்களும் தங்கள் மேல் ஏறியதைத் துடைத்தும் கடித்தும் தள்ளிவிடும். ஆகவே ஆண் புழு அறையில் இரண்டு உண்ணி பார்த்ததும் மருந்தைத் தூக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயின் கதை வேறு. அதில் வேலைக்கார ஈயின் அறையிலேயே உண்ணி தாராளமாகப் பெருகும், கவனிக்காமல் விட்டால் ஓரிரு வருடத்தில் குடும்பமே அழிந்துபோகும். அப்புறம், பழைய பயிற்சிக் குறிப்புகளில் வர்ரோவா ஜேக்கப்சோனி என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், இத்தாலியத் தேனீயை உலகம் முழுக்க அழிப்பது வேறு இனம் என்று பிரித்து அதற்கு வர்ரோவா டெஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்ததே 2000-ல்தான்.

இந்தியத் தேனீப் பெட்டியில் புழு சாகிறது என்றால் உண்ணிமேல் பழி போடுவதற்கு முன் அந்தப் புழுவை ஒரு குச்சியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த பை மாதிரி முழுசாக எழுந்து வந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1991, 92 வாக்கில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது அதுதான். அதற்கு உண்ணி மருந்து போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

உண்ணியிலும் இரண்டு வகையை மாற்றிப் புரிந்துகொள்வது சகஜம். வர்ரோவா செம்பழுப்பு நிறம், நீளத்தைவிட அகலம் அதிகம், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நண்டு ஓடு போலத் தட்டையாக இருக்கும். இன்னொன்று டிரோபிலேலாப்ஸ். அது இன்னும் சின்னது, ஒல்லி, அடையைத் திறந்ததும் விறுவிறுவென்று ஓடும். அதற்குச் சொந்த வீடு மலைத்தேனீக் கூடு. மேல்நிலைத் தொட்டியிலோ பெரிய புளியமரத்திலோ மலைத்தேனீ தொங்கும் ஊரில் இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. இந்த வித்தியாசம் எதற்கு என்றால், டிரோபிலேலாப்ஸால் வளர்ந்த ஈயின் உடம்பில் சாப்பிட்டுப் பிழைக்க முடியாது. புழு இல்லாவிட்டால் சில நாளில் செத்துவிடும். ராணியைக் கூண்டில் அடைத்து, மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முட்டை விழாமல் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். வர்ரோவா அப்படியில்லை, ஈயின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கும்.

"நானும் தினம் பார்க்கிறேனுங்க, ஒரு ஈ மேலயும் உண்ணி இல்லை" என்பார்கள். கண்ணில் படாது. இருக்கிற வர்ரோவாவில் பெரும்பாலானவை மூடிய புழு அறைக்குள் இருக்கும், வெளியே உள்ளதும் ஈயின் வயிற்றுப் பக்கத் தகடுகளுக்கு இடையில் சொருகிக்கொண்டு இருக்கும். முதுகில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறீர்கள் என்றால் நிலைமை ஏற்கெனவே மோசம்.

எண்ணுவதற்குச் சர்க்கரை போதும். அகலவாய் பாட்டில் ஒன்றின் மூடியை வெட்டி, உண்ணி விழுந்து ஈ விழாத அளவுக் கம்பி வலை வையுங்கள். புழு உள்ள அடைச் சட்டத்தை எடுத்து, ராணி அதில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அரை கப் ஈயைப் பாட்டிலுக்குள் உதறுங்கள். இத்தாலியத் தேனீயில் அது ஏறக்குறைய 300 ஈ. மிக்சியில் மாவாக அரைத்த சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டு, ஈயெல்லாம் வெள்ளையாகும்வரை ஒரு நிமிடம் உருட்டி, இரண்டு நிமிடம் நிழலில் வையுங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து நன்றாகக் குலுக்குங்கள். சர்க்கரை கரைந்துவிடும், செம்பழுப்புப் புள்ளிகளாக உண்ணி மட்டும் நிற்கும். ஈயைப் பெட்டிக்கே திருப்பிக் கொட்டிவிடலாம், மற்ற ஈக்கள் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். 300 ஈக்கு 9 உண்ணி, அதாவது நூற்றுக்கு 3 என்றால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. இங்கே செய்யும் தவறு, புழு இல்லாத ஓரச் சட்டத்தில் ஈ எடுப்பது, இல்லையென்றால் தூறல் நாளில் செய்வது. ஈரத்தில் சர்க்கரை கட்டி தட்டி உண்ணி விழாது, நீங்கள் பெட்டி சுத்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மருந்துக்கு வருவோம். நம் பக்கம் மாடு இல்லாத தோட்டம் குறைவு, அதனால் மாட்டு உண்ணி மருந்து பாட்டில் தோட்டத்து வீட்டுச் சாளையில் எப்போதும் இருக்கும். "ஏனுங்கண்ணா, அதுவும் உண்ணிதானுங்களே, ரெண்டு சொட்டு விட்டா என்ன?" நிறைய ஆகும். அமிட்ராஸ் போன்ற சில மருந்துகளை வெளிநாட்டில் தேனீக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது அளந்து கசியும் பட்டையாகச் செய்தது. மாட்டுக்கான திரவத்தில் அந்த அளவும் இல்லை, அதில் கலந்திருக்கும் கரைப்பான்கள் ஈக்கானவையும் இல்லை. டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும் பாட்டில் என்றால் உண்ணிக்கு முன் ஈதான் சாகும். இப்படிப்பட்ட மருந்துகளில் பல மெழுகில் ஊறி வருடக்கணக்கில் தங்கும், தேனிலும் வரும். அரைகுறை அளவில் திரும்பத் திரும்பப் போட்டால் உண்ணிக்கு எதிர்ப்புச் சக்தியும் வளர்ந்துவிடும்.

ஃபார்மிக் அமிலம் நல்ல மருந்து. அதன் ஆவி மூடிய அறைக்குள்ளும் போய் உண்ணியைக் கொல்லும், மற்றவற்றுக்கு அந்தத் திறமை இல்லை. நம் நாட்டுப் பரிந்துரை 85 சதவீத அமிலம் 5 மில்லியைத் திரி போட்ட சின்னக் குப்பியில் ஊற்றி உள்ளே வைப்பது. சிக்கல் நம் வெயில். 30 டிகிரியைத் தாண்டினால் அமிலம் மளமளவென்று ஆவியாகும், புழுவும் சாகும், ராணியும் சாகலாம். சித்திரையில் கரூரிலும் ஈரோட்டிலும் 38 டிகிரி அடிக்கும்போது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் இதை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து பொள்ளாச்சிப் பக்கம் குளிர்ந்த பிறகு வைக்கலாம், தாராபுரம் மாதிரி வறண்ட பக்கம் இன்னும் காத்திருக்க வேண்டும். எங்கே என்றாலும் சாயங்காலம்தான், கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான். தோலில் பட்டால் வெந்துவிடும்.

கந்தகத் தூளில் எல்லோரும் கை நிறைய அள்ளுகிறார்கள். டிரோபிலேலாப்ஸுக்குச் சொல்லும் அளவு ஒரு சட்டத்துக்கு 200 மில்லிகிராம், அதையும் சட்டத்தின் மேல்கட்டையில் தூவ வேண்டும், புழுவின் மேல் அல்ல. ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது. அதனால் ராணியை அடைத்துப் புழு இல்லாமல் செய்த நேரத்தில் போட்டால்தான் அதற்கு மதிப்பு. எந்த மருந்தானாலும் தேன் எடுக்கும் மேலறை பெட்டியில் இருக்கும்போது வேண்டாம்.

நேரத்தைக் கணிப்பதில்தான் இத்தாலியத் தேனீக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வேம்பு பூத்து முடிந்து தேன் எடுத்ததும், பூவிலிருந்து வரும் தேன் வரவு குறைய ராணி முட்டையைக் குறைக்கும். புழு குறைகிறது, உண்ணி குறைவதில்லை. அத்தனையும் மிச்சமிருக்கும் கொஞ்சப் புழுவின் மேல் போய் ஏறும். ஆடிக் காற்றில் குடும்பம் கரைந்துபோனதும் "காத்துல ஈ போயிருச்சுங்க" என்று சொல்லிவிடுகிறோம். கடைசித் தேன் எடுத்த வாரத்திலேயே சர்க்கரைச் சோதனை செய்தால் இது முன்கூட்டியே தெரியும்.

பலவீனமான பெட்டிக்குத் தெம்பு கொடுக்கிறேன் என்று பக்கத்துப் பெட்டியின் புழுச் சட்டத்தை அப்படியே தூக்கி வைப்பதும் ஆபத்து. மூடிய அறைகளோடு உண்ணியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கொடுக்கும் பெட்டியை முதலில் சோதியுங்கள். விலைக்கு வாங்கும் பெட்டியையும் அப்படித்தான், முடிந்தால் சில வாரம் தனியாகத் தோட்டத்தின் மறு மூலையில் வைத்துப் பாருங்கள். மருந்து போட்டு முடித்த பின் மறுபடி எண்ணுவதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பாட்டில், அதே அரை கப் ஈ. எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அதே மருந்தை இன்னொரு சுற்றுப் போடாமல் வேறு முறைக்கு மாறுங்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெட்டியையும் எண்ணச் சொல்லுங்கள், ஏனென்றால் அங்கே செத்துக்கொண்டிருக்கும் கூட்டில் தேன் திருடப் போகும் உங்கள் ஈ திரும்பும்போது உண்ணியையும் சுமந்துகொண்டு வரும்.