கோர்பா, டிகாம், இஜேபி: ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது?

பழைய வணிக மென்பொருள் ஒன்றைப் பராமரிக்க எடுத்தால் கோர்பா (CORBA), டிகாம் (DCOM), இஜேபி (EJB) போன்ற, கணினிகளுக்கிடையே மென்பொருள்கள் பேசிக்கொள்ள உதவும் தொழில்நுட்பங்களின் பெயர்களெல்லாம் மொத்தமாக வந்து விழும். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகள் எந்த மொழி, எந்த இயங்குதளம் என்பதோடு நின்றுவிடுகின்றன. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நெட்வொர்க்கைத் தாண்டி என்ன போகிறது, பாதியில் அறுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

படி 1: இரண்டு குடும்பங்களைப் பிரியுங்கள்

கோர்பா (1991), டிகாம் (1996), ஜாவா ஆர்எம்ஐ (1997) மூன்றும் விநியோகிக்கப்பட்ட ஆப்ஜெக்ட் தொழில்நுட்பங்கள். வேறொரு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மெத்தடைக் கூப்பிட வழி செய்வதுதான் இவற்றின் அடிப்படை வேலை. இஜேபி (1998), விண்டோஸ் 2000-உடன் வந்த காம் பிளஸ் ஆகியவை சர்வர் காம்பொனென்ட் தொழில்நுட்பங்கள். டிரான்சாக்‌ஷன் (பல எழுத்துகளை முழுதாக முடிப்பது, இல்லையேல் முழுதாகக் கைவிடுவது), பாதுகாப்பு, பூலிங் (ஆப்ஜெக்டுகளையும் இணைப்புகளையும் வைத்திருந்து மறுபடி பயன்படுத்துவது) ஆகியவற்றை அவற்றை இயக்கும் சூழலே பார்த்துக்கொள்ளும். ஆகவே கோர்பாவையும் இஜேபியையும் ஒரே தட்டில் வைப்பது சரியான ஒப்பீடு அல்ல. இஜேபியே அடியில் கோர்பாவின் ஐஐஓபி நெறிமுறையைப் பயன்படுத்த முடியும்.

படி 2: இன்டர்ஃபேஸ் எங்கே எழுதப்படுகிறது?

கோர்பாவில் ஐடிஎல் என்ற தனி மொழியில் எழுதி, அதிலிருந்து கிளையன்ட் பக்கத்துக்கு ஸ்டப் (அழைப்பை அனுப்பும் கோட்), சர்வர் பக்கத்துக்கு ஸ்கெலிட்டன் (அதை வாங்கி ஆப்ஜெக்டிடம் கொடுக்கும் கோட்) உருவாக்குவார்கள். சி++ சர்வரை ஜாவா கிளையன்ட் கூப்பிடலாம். டிகாமுக்கு மைக்ரோசாஃப்டின் சொந்த ஐடிஎல் உண்டு. ஆர்எம்ஐயில் ஜாவா இன்டர்ஃபேஸே போதும், ஆனால் இரு முனையிலும் ஜாவா இருந்தாக வேண்டும்.

படி 3: ரிமோட் கால்களை (தொலை அழைப்புகளை) எண்ணுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் சறுக்கிய இடம் இது. ஓர் ஆர்டர் ஆப்ஜெக்ட் சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளையன்ட் இப்படி எழுதுகிறது:

ஒவ்வொரு வரிக்கும்:
ஆர்டர்.பொருள்(வரி)
ஆர்டர்.அளவு(வரி)
ஆர்டர்.விலை(வரி)

பார்க்க அழகான கோட். ஆர்டரில் 40 வரி இருந்தால் 120 ரிமோட் கால். ஒரு கால் போய்வர 1 மில்லி விநாடி என்றால் 120 மில்லி விநாடி. யாரும் கவனிக்க மாட்டார்கள். கிளையன்ட் தொலைவில் இருந்து, போய்வர 30 மில்லி விநாடி ஆனால் அதே திரை 3.6 விநாடி உறைந்து நிற்கும். டெவலப்பர் கணினியில் எல்லாம் ஒரே இடத்தில் ஓடுவதால் சோதனையில் இது பிடிபடவே படாது.

தீர்வு எளிது: ஆர்டர் முழுவதையும் ஒரே டேட்டா ஆப்ஜெக்டாகத் திருப்பும் ஒரே மெத்தட். ஒரே சர்வருக்குள் இருக்கும் இஜேபி காம்பொனென்ட்களான பீன்கள்கூட ரிமோட் இன்டர்ஃபேஸ் வழியாகவே பேச வேண்டியிருந்ததால், 2001-இல் வந்த இஜேபி 2.0 லோக்கல் இன்டர்ஃபேஸைச் சேர்த்தது. ரிமோட் காலும் லோக்கல் காலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் இந்தத் தலைமுறையின் பெரிய பிழை என்பது என் கருத்து.

படி 4: டிரான்சாக்‌ஷனை யார் முடிக்கிறார்?

கோர்பாவில் இதற்குத் தனி சேவை உண்டு. அதை நீங்கள்தான் இணைக்க வேண்டும். காம் பிளஸ்ஸில் காம்பொனென்ட்டே ‘செட்கம்ப்ளீட்’ (முடி) அல்லது ‘செட்அபார்ட்’ (கைவிடு) என்று சொல்லும். இஜேபியில் கன்டெய்னர் (பீன்களை இயக்கும் சூழல்) பார்த்துக்கொள்ளும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது: ரன்டைம் எக்ஸெப்ஷன் வந்தால் தானாக ரோல்பேக் ஆகும் (எழுதியதெல்லாம் ரத்தாகும்), நீங்கள் எழுதிய ‘இருப்பு இல்லை’ போன்ற செக்டு எக்ஸெப்ஷன் (மெத்தடே முன்கூட்டி அறிவிக்கும் பிழை) வந்தால் ஆகாது. தனியாகக் குறிப்பிடாவிட்டால் பாதி எழுதிய ஆர்டர் டேட்டாபேஸில் கமிட் ஆகிவிடும்.

படி 5: கிளையன்ட் செத்துப்போனால்?

டிகாமில் கிளையன்ட் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் (‘இன்னும் இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி) அனுப்பும். தொடர்ந்து மூன்று தவறினால் சர்வர் அதன் ரெஃபரன்ஸை விட்டுவிடும். ஆர்எம்ஐயில் குத்தகைக் கணக்கு, இயல்பாக 10 நிமிடம்; அதற்குள் கிளையன்ட் புதுப்பிக்காவிட்டால் ரெஃபரன்ஸ் போய்விடும். கோர்பாவில் இப்படி எதுவும் உள்ளமைவாக இல்லை. ஆப்ஜெக்டை எப்போது அழிப்பது என்பதை சர்வர் எழுதுபவர் முடிவு செய்ய வேண்டும்.

படி 6: ஃபயர்வால்

சுருக்கமாக: டிகாம் 135-ஆம் போர்ட்டில் தொடங்கி, பிறகு ஏதோ ஒரு டைனமிக் போர்ட்டுக்குத் தாவும். நெட்வொர்க் நிர்வாகிகளுக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. எச்டிடிபி வழியாகப் போகும் வெப் சர்வீஸ்கள் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: இன்று எதைத் தொடுவது?

புதிய வேலைக்கு கோர்பாவும் டிகாமும் வேண்டாம். 2018-இல் வந்த ஜாவா 11, கோர்பா மாட்யூல்களையே நீக்கிவிட்டது. டிகாம் இன்னும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில், ஓபிசி கிளாசிக் (கருவிகளிலிருந்து தரவு எடுக்கும் தரநிலை) வடிவில் ஓடுகிறது; மைக்ரோசாஃப்டின் டிகாம் பாதுகாப்புக் கெடுபிடி 2023 மார்ச்சில் கட்டாயமானபோது அங்கே பல இணைப்புகளை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஜாவா மட்டுமே என்றால் அனோட்டேஷனோடு (கோட்டிலேயே எழுதும் குறிப்புகளோடு) எளிமையான இஜேபி 3 (2006) இன்றும் மோசமில்லை. பல மொழிகள் பேச வேண்டுமென்றால் ஜிஆர்பிசி (gRPC) என்ற ரிமோட் கால் கருவி. இன்டர்ஃபேஸ் எழுதும் அதன் புரோட்டோ கோப்பைத் திறந்தால் ஐடிஎல் நினைவுக்கு வரும்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனையைச் செய்யுங்கள். இரண்டு கணினிகளில் கிளையன்டையும் சர்வரையும் ஓடவிட்டு, கால் நடக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். ஜிஆர்பிசியில் நீங்கள் டெட்லைன் (காத்திருக்கும் நேர வரம்பு) வைக்காவிட்டால் இயல்பாக எதுவும் இருக்காது. வழக்கமான ஜாவா ஆர்எம்ஐயிலும் பதிலுக்குக் காத்திருக்க வரம்பு இல்லை. கிளையன்ட் பாட்டுக்கு நிற்கும். டெட்லைன் வைத்தபின் மறுமுயற்சி வேண்டும். அப்போது அதே ஆர்டர் இரண்டு முறை பதிவாகலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்டே ஓர் எண் கொடுக்கட்டும், அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பட்டும். இந்த எண்ணை முதல் நாளே இன்டர்ஃபேஸில் சேர்த்துவிடுங்கள். கிளையன்டுகள் பரவியபின் சேர்ப்பது பெரும்பாடு.